புதுச்சேரிப் பழைய வீட்டு விடுதிகள்: அறையின் சுகம் சுவரிலும் மச்சிலும் இருக்கிறது

புதுச்சேரியில் பழைய வீட்டைச் செப்பனிட்டு நடத்தும் விடுதிகளைப் பற்றித் தங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அறையில் ஈர வாடை. ஏசி ஓடியும் குளிர் ஏறவில்லை. மாடியில் ஆள் நடந்தால் தலைக்கு மேல் சத்தம். குளியலறைக்குப் போக ஒரு படி ஏற வேண்டும், ராத்திரியில் கால் இடறுகிறது. வைஃபை முற்றத்தில் கிடைக்கிறது, கட்டிலில் கிடைப்பதில்லை. இவற்றில் பாதிக்குமேல் நிர்வாகத்தின் அசட்டையால் வருபவை அல்ல. கட்டடத்தை முதலில் எப்படிக் கட்டினார்கள், பிற்பாடு எப்படிச் செப்பனிட்டார்கள் என்பதிலிருந்து நேராக வருபவை. அந்த இரண்டும் தெரிந்தால் எந்த மாதம் எந்த அறையைக் கேட்பது என்பது தெளிவாகிவிடும். கொடுக்கும் வாடகை எதற்குப் போகிறது என்பதும் விளங்கும்.

ஊரின் வயது, வீட்டின் வகை

1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையில் ஊர் திரும்பக் கிடைத்தது. 1765 முதல் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். அதனால் இன்று நிற்கும் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே இருந்த வீடு என்று ஒரு விடுதியைக் காட்டினால் நம்ப வேண்டியதில்லை. அவர் 1754இலேயே புதுச்சேரியை விட்டுப் போய்விட்டார். கட்டம் கட்டமாக ஓடும் வீதி அமைப்பு மட்டும் வீடுகளைவிடப் பழையது. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட திட்டம் அது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சு வீடுகள். தெருவோரம் உயர்ந்த மதில், நடுவில் பெரிய கதவு. உள்ளே போனால் தோட்டம். தோட்டத்தைப் பார்த்தபடி வளைவுகளும் தூண்களும் கொண்ட தாழ்வாரம், அதன் பின்னால் அறைகள். தரையிலிருந்து மச்சு வரை, அதாவது மேல்தளத்தின் அடிப்பக்கம் வரை, பதினான்கு, பதினைந்து அடி. சன்னல்கள் கதவளவு நீளம். காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் லூவர் பலகைகள் பொருத்தியவை. வாய்க்காலுக்கு மேற்கே தமிழ் வீடுகள். இவை மதிலால் தெருவை அடைத்துக்கொள்வதில்லை. ஓட்டுச் சாய்ப்பு இறக்கிய தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல், அதன் பின்னால் திண்ணை, பிறகு ரேழி என்னும் நடை, முற்றம், சுற்றிலும் கூடம், பின்கட்டில் சமையலறையும் கிணறும். இரண்டும் கலந்த வீடுகளும் நிறைய உண்டு. கீழே திண்ணையும் மரத்தூணும், மேலே வளைவுச் சன்னலும் சுதை வேலையும். புதுச்சேரிக்கே உரிய அழகு இந்தக் கலப்பில்தான் இருக்கிறது. பெருமாள் கோயில் வீதியிலும் வைசியாள் வீதியிலும் இப்படிப்பட்ட தமிழ் வீடுகள் விடுதியாகியிருக்கின்றன. ரோமன் ரோலன் வீதி, சஃப்ரேன் வீதிப் பக்கம் போனால் பிரெஞ்சு வகை.

தங்குபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். பிரெஞ்சு வீட்டில் அறைகள் ஆதியிலேயே படுக்கையறை, வரவேற்பறை என்று பிரித்துக் கட்டியவை. அகலம் உண்டு, தோட்டத்துப் பக்கம் சன்னல் உண்டு, தனிமை உண்டு. தமிழ் வீட்டில் படுக்கையறை என்ற ஏற்பாடே குறைவு. கூடத்திலும் திண்ணையிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். அறை என்று இருந்தது நெல்லும் பாத்திரமும் நகையும் வைக்கத்தான். இன்று கீழ்தளத்தில் விடுதி அறையாகியிருப்பவை பெரும்பாலும் அந்தச் சாமான் அறைகள். சன்னல் சின்னது, வெளிச்சம் முற்றத்திலிருந்து கதவு வழியாக வரும். கதவைச் சாத்தினால் பகலிலும் விளக்கு வேண்டும். தமிழ் வீட்டின் சுகம் அறைக்குள் இல்லை, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் இருக்கிறது. அங்கே உட்கார நேரம் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அது பொன்னான இடம். அறையிலேயே அடைந்திருக்க விரும்புபவர் பிரெஞ்சு வகை வீட்டையோ கலப்பு வீட்டின் மாடி அறையையோ எடுப்பது நல்லது. முற்றத்து வீட்டில் ஒருவர் பேச்சு எல்லாருக்கும் கேட்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எது பழையது, எது பழையது போன்றது

'பாரம்பரியம்' என்ற பெயரில் மூன்று வகை விடுதிகள் நடக்கின்றன. பழைய சுவரையும் மச்சையும் காப்பாற்றி, தேவையானதை மட்டும் மாற்றியவை ஒரு வகை. முகப்பை மட்டும் நிறுத்திவைத்து உள்ளே கான்கிரீட் சட்டகம் எழுப்பியவை இரண்டாவது வகை. மூன்றாவது வகை, காலி மனையில் பிரெஞ்சு பாணியில் புதிதாகக் கட்டியவை. கடைசி இரண்டும் மோசம் என்று சொல்வதற்கில்லை. ஏசி, குளியலறை, லிஃப்ட் எல்லாம் அவற்றில் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் பழைய கட்டடத்தின் விலையை வாங்கிக்கொண்டு புதிய கட்டடத்தைக் கொடுப்பது நேர்மை இல்லை. எது என்று தங்குபவர் தெரிந்துகொள்ள வழி உண்டு.

மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய விடுதிகளுக்குத் தனி வகைப்பாடு வைத்திருக்கிறது. அடிப்படை 'ஹெரிடேஜ்' தகுதிக்கு 1950க்கு முன் கட்டியிருக்க வேண்டும். 'கிளாசிக்', 'கிராண்ட்' தகுதிகளுக்கு 1935க்கு முன். புதிதாகச் சேர்க்கும் கட்டடப் பரப்பு மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்தச் சான்றுக்கு எல்லா விடுதியும் விண்ணப்பிப்பதில்லை. அதனால் சான்று இல்லாதது குறையாகாது. இருந்தால் மட்டும் அது ஒரு ஆதாரம்.

சான்றைவிடக் கண் நம்பகமானது. படம் பார்க்கும்போது கட்டிலைப் பார்க்காமல் மேலே பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டங்கள் வரிசையாக ஓடி, அவற்றுக்கு நடுவே சின்னச் செங்கல்கள் மூலைவாட்டில் சாய்ந்து தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய முறை மச்சு. சட்டங்கள் நான்கைந்து அடிக்கு ஒன்றாக, நடுவே வழவழப்பான வெள்ளைப் பூச்சாக இருந்தால் கான்கிரீட் தளத்துக்குக் கீழே அழகுக்கு ஒட்டியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது சன்னல் மாடம். பழைய செங்கல் சுவர் பதினெட்டு அங்குலம், சில வீடுகளில் அதற்கும் மேல். சன்னல் கட்டையில் ஒரு தட்டும் தண்ணீர்ச் செம்பும் வைக்க இடம் இருக்கும். ஒன்பது அங்குலம் என்றால் அது புதுச் சுவர்.

சுவர்: சுண்ணாம்பா, சிமெண்டா

ஈர வாடைக்கு வருவோம். புதுச்சேரி கடலோர ஊர், நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும். பழைய சுவர்களின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். இதைத்தான் கொத்தனார்கள் ஓதம் ஏறுகிறது என்பார்கள். இது பழைய காலத்திலும் ஏறியது. ஆனால் சுவர் மேல் இருந்தது சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் வெறும் வெள்ளையடிப்பு. இரண்டிலும் நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் இரண்டு, மூன்று அடி உயரத்துக்குள் ஆவியாகி வெளியேறிவிடும். உப்பு மேலே பூக்கும். அதைச் சீவிவிட்டு வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தார்கள்.

கெட்டது எப்போது என்றால், பூச்சு உதிர்கிறதே என்று சிமெண்ட் பூசியபோது. சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் வழி தேடி மேலே ஏறும், பூச்சு முடிகிற இடத்தில் வெளியே வரும். இரண்டடியில் நின்ற ஓதம் ஐந்தடி, ஆறடிக்கு வந்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பருத்து, பூச்சையே பிளந்து தள்ளும். கூடவே செங்கல்லும் பொடியாகும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்திருந்தால் தோல் உரிவதுபோல உரியும். இன்னொரு சிக்கல்: உப்பு ஏறிய சுவர் காற்றிலிருக்கும் ஈரத்தையும் தானாக இழுத்துக்கொள்ளும். மழையே பெய்யாத மாதத்திலும் கடல்காற்று வீசும் நாளில் சுவர் நனைந்திருப்பது இதனால்தான்.

சரியாகச் செப்பனிட்டவர்கள் இதைத் தலைகீழாகச் செய்திருப்பார்கள். சிமெண்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, இணைப்புகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, சுவரைத் திறந்தபடி காயவிட வேண்டும். பதினெட்டு அங்குலச் சுவர் ஒழுங்காகக் காய ஒரு முழுக் கோடையாவது தேவை. உப்பு அதிகம் என்றால் களிமண்ணோ காகிதக்கூழோ அப்பி, காய்ந்ததும் உப்போடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு நீற்றி, தொட்டியில் சில வாரமாவது ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு அரைத்து இரண்டு, மூன்று கையாகப் பூசுவது. ஒவ்வொரு கைக்கும் நடுவே நாள் விட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும்; அவசரப்படுத்த முடியாது. விடுதி திறக்கும் தேதியைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். ஈரச் சுவர் மேல் பூசி, பெயிண்ட் அடித்து, சீசனுக்குத் திறப்பார்கள். அடுத்த மழையில் கீழே நாலடிக்குக் கறை வந்துவிடும்.

அறைக்குள் நுழைந்ததும் இதைக் கண்டுபிடிக்க முடியும். சுவரின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையில் லேசாக வெள்ளை ஒட்டினால் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அது நல்ல அறிகுறி, கறுப்புச் சட்டையோடு சாய வேண்டாம், அவ்வளவுதான். வழவழவென்று இருந்து, தட்டினால் உள்ளே பொள்ளலாகக் கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. சுவரின் கீழ் நாலடிக்கு மரப்பலகை அடித்தோ பளபளப்பான டைல் ஒட்டியோ மறைத்திருந்தால் அந்த அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். பின்னால் பூஞ்சை இருக்கும். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தையோடு வருபவர் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சில விடுதிகளில் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளைச் சுவரைக் காட்டுவார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை மைய அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து எடுப்பது அது. செட்டிநாட்டு வீடுகளில் பலரும் பார்த்திருப்பார்கள். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். இன்று இதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு. அப்படிப்பட்ட சுவரில் ஆணி அடித்து டிவி மாட்டியிருப்பதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

மச்சு: மேலே இருப்பது எவ்வளவு கனம்

மெட்ராஸ் டெரஸ் எப்படி எழும்புகிறது என்பது தெரிந்தால் அதன் நோய்களும் தெரியும். சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்களை ஒன்றரை அடி இடைவெளியில் வைப்பார்கள். அகலமான கூடம் என்றால் கீழே பெரிய விட்டம் தாங்கும். அதன் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலையிலிருந்து சாய்வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப்பலகை எதுவும் இல்லாமல் கல் கல்லைப் பிடித்து நிற்பதுதான் இதன் நுட்பம். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று, நாலு அங்குலம் பரப்பி, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். மேலே இரண்டு வரிசைத் தட்டோடு, இணைப்பு மேல் இணைப்பு வராதபடி. நாலடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் வாட்டம் கொடுத்து மழைநீரைத் தூம்புக்கு, அதாவது வடிகுழாய்க்கு, அனுப்புவார்கள்.

இது நூறு ஆண்டுக்கு மேலும் நிற்கும், மூன்று காரணம் குறுக்கே வராவிட்டால். முதலாவது, தண்ணீர் போகும் வழி அடைபடுவது. தூம்பில் புறா இறகும் இலையும் சேர்ந்து, கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று வேர் விட்டால், தேங்கிய நீர் சட்டம் சுவருக்குள் போகும் முனையில் இறங்கும். மரம் நடுவில் கெடுவது அபூர்வம். சுவருக்குள் மறைந்திருக்கும் அந்த ஒரு முழம்தான் மக்கும். வெளியே பார்த்தால் திடமாகத் தெரியும், உள்ளே பிடிப்பே இருக்காது. இரண்டாவது, பாரம். விடுதியானதும் மாடியில் தண்ணீர்த் தொட்டி, ஏசி யூனிட்டுகள், சோலார் ஹீட்டர் எல்லாம் ஏறும். ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைச் சுவருக்கு நேர் மேலே வைத்தால் சுவர் தாங்கும். சட்டத்தின் நடுவில் வைத்தால் மச்சு தொய்யும். ஒழுகலை அடைக்க ஒவ்வொரு மழைக்கும் ஒரு கை சிமெண்ட் போட்டுக்கொண்டே போவதும் பாரம்தான். மூன்றாவது, கரையான்.

ஊரின் நடுவில் நடந்த ஒரு பாடம் எல்லாருக்கும் தெரியும். கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம், பழைய நகர மன்றம், பல ஆண்டு கவனிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி எழுப்பினார்கள். பழைய கட்டடம் விடுதியாவதை வணிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் மாடிக்கு ஏறித் தூம்பைச் சுத்தம் செய்ய ஆள் இருக்கும் கட்டடம்தான் நிற்கிறது. பூட்டிக் கிடப்பது விழுகிறது. நன்றாக நடத்தும் ஒரு விடுதி பல பழைய வீடுகளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஆயுள் நீட்டிப்பு.

ஒரு நகரமாக இதைச் செய்து காட்டிய முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில் வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வழிநடத்திச் செப்பனிட்டது. தாழ்வாரங்களும் திண்ணைகளும் பழைய ஒழுங்குக்குத் திரும்பின. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. தமிழ் வீட்டு விடுதியில் தங்குபவர்கள் அந்த வீதியை ஒரு முறை நடந்தே பார்க்க வேண்டும். தனி வீடாகப் பார்க்கும்போது புரியாதது, வரிசையாகத் தாழ்வாரம் ஓடும்போது புரியும்.

மச்சைத் தங்குபவர் சோதிப்பது எளிது. காலையில் மெத்தை மேலோ தரையிலோ நைசான மரத்தூள் விழுந்திருந்தால் மேலே சட்டம் உளுத்துக்கொண்டிருக்கிறது. சட்டம் சுவரில் நுழையும் இடத்தில் பழுப்பு வளையக் கறை இருந்தால் ஒழுகல். இரண்டையும் வரவேற்பில் சொல்லுங்கள். நல்ல நிர்வாகம் நன்றி சொல்லி அன்றைக்கே தச்சரைக் கூப்பிடும். சட்டத்தில் புதுத் துண்டு ஒட்டுப் போட்டிருப்பதையோ இரும்புத் தகடு பொருத்தியிருப்பதையோ பார்த்தால் பயப்பட வேண்டாம். மக்கிய முனையை மட்டும் வெட்டி, மிச்சத்தைக் காப்பாற்றியதன் அடையாளம் அது.

மரத்தளம் என்றால் சத்தம் இருக்கும். மேலே ஒருவர் செருப்போடு நடந்தால் கீழே கேட்கும், நாற்காலியை இழுத்தால் இன்னும் கேட்கும். தூக்கம் லேசானவர்கள் மேல்தள அறையைக் கேளுங்கள்.

குளியலறை

செப்பனிடுகிறவர்களுக்கு மிகப் பெரிய தலைவலி இதுதான். பழைய வீட்டில் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், கொல்லையில். விடுதிக்கோ ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வேண்டும். மரச்சட்டம் தாங்கும் தளத்தில் தினமும் தண்ணீர் ஊற்றுவது அந்தச் சட்டங்களுக்கு நாள் குறிப்பது போன்றது. கான்கிரீட் கட்டடத்தில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி, குழாயை அதற்குள் புதைப்பார்கள். இங்கே தாழ்த்த முடியாது. அதனால் தரைக்கு மேலே ஆறு, எட்டு அங்குலம் எழுப்பி, அதற்குள் குழாய் ஓட்டுவார்கள். நீங்கள் ஏறும் அந்தப் படி அதுதான். அறிந்தவர்கள் குளியலறைகளைக் கீழும் மேலும் ஒரே நேரில், தனி கான்கிரீட் கூடாகவோ பின்தாழ்வாரத்திலோ வைத்துவிடுவார்கள். பழைய மச்சில் ஒரு துளைகூட இருக்காது. விடுதி ஒழுங்காகச் செப்பனிடப்பட்டதா என்பதை ஒரே கேள்வியில் அறிய வேண்டுமானால், மாடிக் குளியலறை எதன் மேல் நிற்கிறது என்று கேளுங்கள்.

சாக்கடை வாடை வந்தால் பெரும்பாலும் காரணம் சின்னது. தரை வடிகாலுக்குள் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்று வாயுவைத் தடுக்கும். சில நாள் ஆள் இல்லாத அறையில் அது வற்றிவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போகும். அதற்குப் பிறகும் வந்தால் அறை மாற்றுங்கள்.

குளிரும் காற்றும்

12க்கு 14 அடி அறையை எடுத்துக்கொள்வோம். பத்தடி உயரத்தில் அது 1,680 கன அடி. பதினைந்து அடி உயரத்தில் 2,520, அதாவது ஒன்றரை மடங்கு. வீட்டில் பத்து நிமிடத்தில் குளிரும் ஏசி இங்கே அரை மணி எடுத்துக்கொள்ளும். லூவர் இடுக்கு வழியாகவும் கொஞ்சம் போகும். அதற்காக 18இல் வைப்பது தவறு. புதுச்சேரிக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். சுவரை அவ்வளவு குளிரவைத்தால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று அதில் பட்டுத் துளிர்க்கும், சுண்ணாம்புப் பூச்சு அதைக் குடிக்கும். 25, 26இல் வைத்து மின்விசிறியை ஓடவிடுவது உடம்புக்கும் சுவருக்கும் நல்லது. விசிறி நீளமான கம்பியில் தாழத் தொங்கினால்தான் பயன்; மச்சை ஒட்டி இருந்தால் மேலே நிற்கும் வெப்பத்தைக் கீழே தள்ளும்.

மேற்குப் பார்த்த சுவரில் கவனம் வேண்டும். பதினெட்டு அங்குலச் செங்கல்லைக் கடந்து வெயில் உள்ளே வந்து சேர பத்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். சாயங்காலம் நாலு மணிக்கு வாங்கிய வெப்பத்தை ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் பக்கம் கொடுக்கும். கிழக்குச் சுவர் காலையில் வாங்கியதை மாலையில், நீங்கள் கடற்கரையில் இருக்கும்போது, கொடுத்து முடித்துவிடும். கடல்காற்றும் கிழக்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே கிழக்குப் பக்க அறை எப்போதும் மேல்.

கனமான சுவரில் வைஃபை நிற்காது. முன்பதிவின்போதே அறைக்குள் தனிக் கருவி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்டுகளும் குறைவாக இருக்கும். சுண்ணாம்புச் சுவரைக் கொத்தி ஒயர் பதித்தால் சுவர் பலவீனப்படும், அதனால் எண்ணி வைத்திருப்பார்கள்.

அலங்காரம் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல்லும் காரைக்குடித் தூணும் பிரெஞ்சு வீட்டில் நிறைய ஏறியிருக்கின்றன. ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அழகானது, கால் மிதிக்க மிதிக்க மெருகேறுவது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் செத்துவிடும். ஆனால் ஒரு வீட்டின் சொந்தத் தரை, அது காவித் தரையோ கருங்கல்லோ, அப்படியே இருந்தால் அதற்குத்தான் மதிப்பு. பழைய தரையைப் பெயர்த்துவிட்டு வேறு ஊர்ப் பழமையை வாங்கிப் போடுவது செப்பனிடுதல் ஆகாது.

எந்த மாதம், எந்த அறை

ஏப்ரல் முதல் ஜூன் வரை கீழ்தளம். மேலே ஒரு தளம் வெயிலை வாங்கிக்கொள்வதால் கீழ் அறை உண்மையிலேயே குளிர்ச்சி. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மச்சு பகல் முழுக்கக் காய்ந்து ராத்திரி முழுக்கச் சூடு விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையில் கீழ் அறையில் ஓதம் உச்சத்தில் இருக்கும், மேல் அறை எடுங்கள். ஆனால் முந்திய மழையில் மாடி ஒழுகியதா, அதற்குப் பின் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். 2011 டிசம்பர் 30இல் 'தானே' என்ற புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழையைத் தாங்கிய மச்சு எதையும் தாங்கும். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை எந்த அறையும் சரிதான், வாடகைதான் ஏறியிருக்கும்.

வயதானவர்களோடு போனால் மாதம் பார்க்காமல் கீழ்தளமே கேளுங்கள். பழைய மரப்படிகள் செங்குத்து. லிஃப்ட் வைக்க இடம் இருக்காது. திண்ணைக்கும் ரேழிக்கும் இரண்டு, மூன்று படி எப்படியும் உண்டு. நிலைவாசல் உயரம் குறைவு, நெடியவர்கள் குனிய வேண்டும். முற்றத்தில் நீர்த்தொட்டி இருந்தால் கொசுவும் இருக்கும். லூவருக்கு உள்பக்கம் வலை அடித்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வண்டியில் வருபவர்களுக்கு: இந்த வீதிகளில் விடுதிக்குச் சொந்த நிறுத்துமிடம் அரிது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். அதை ஒட்டிய விடுதிக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கு முன் பெட்டியை இறக்கிவிடுவது நல்லது.

வாடகையில் ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. ஆகவே 7,500 ரூபாய் அறைக்குக் கடைசியில் 7,875 கொடுப்பீர்கள், 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இந்த விளிம்பில் இருக்கும் அறை என்றால் நூறு ரூபாய் குறைத்துத் தர முடியுமா, காலை உணவைத் தனியாக வாங்கிக்கொள்ளலாமா என்று விடுதியிடமே நேரில் பேசிப் பாருங்கள்.